மலை சரிந்தது, வெள்ளியில் முகம் நிற்கிறது

நம் நாட்டில் வெள்ளிக் காசு என்றால் லட்சுமியும் பிள்ளையாரும்தான். தீபாவளிக்கு முன்னால் தந்தேரஸ் அன்று வட இந்தியக் கடைவீதிகளில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கி வந்து குங்குமம் இட்டு பீரோவில் வைத்துவிட்டால் அடுத்த தீபாவளிக்குத்தான் வெளியே எடுப்போம். தேவியின் கையில் இருக்கும் தாமரைக்கு எத்தனை இதழ் என்று லென்ஸ் வைத்து எண்ணுகிறவர்கள் அபூர்வம்.

அமெரிக்காவில் அதே தூய்மையுள்ள வெள்ளியில் மலையையும் அருவியையும் வெந்நீர் ஊற்றையும் பதிக்கிறார்கள். அங்கே லென்ஸ் வைத்து எண்ணுகிற கூட்டம் பெரியது. மலையின் சரிவு சரியா, மரம் அந்த ஊர் மரம்தானா, ஏரி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வரைபடத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். தப்பு கண்டுபிடித்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

இந்தப் பொழுதுபோக்கின் எல்லா விசித்திரமும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில். அங்கே ஒரு மலை முகத்தை நாணயத்தில் பதித்தார்கள். பதித்து மூன்று வருடம் முடிவதற்குள் அந்த முகமே இல்லாமல் போயிற்று.

கணவாயில் ஒரு கிழவர்

பாஸ்டன் நகரிலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம். 93ஆம் எண் நெடுஞ்சாலை வெள்ளை மலைகளை நெருங்கும்போது இரு பக்கமும் காடு அடர்த்தியாகிறது. மேப்பிள், பிர்ச், ஊசியிலை மரங்கள். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரங்களிலும் இந்தக் காடு சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கார்கள் வரிசை கட்டும்.

ஃபிரான்கோனியா கணவாய்க்குள் நுழைந்ததும் ஒரு மாற்றம். அகலமாக ஓடிவந்த நெடுஞ்சாலை திடீரென்று சுருங்கி, போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில் இது அபூர்வமான காட்சி. காரணம், இடது கைப்பக்கம் எழுந்து நிற்கும் கேனன் மலை. சாலையை அகலப்படுத்த வெடி வைத்தால் அதிர்ச்சியில் மலை உச்சியில் இருக்கும் கிழவருக்கு ஆபத்து என்று மக்கள் பல வருடம் போராடினார்கள். அரசாங்கம் இறங்கி வந்து சாலையை ஒடுக்கிக் கட்டியது.

அந்தக் கிழவருக்குத்தான் 'ஓல்ட் மேன் ஆஃப் தி மவுன்டன்' என்று பெயர். நாம் மலைக் கிழவர் என்றே சொல்லிக்கொள்வோம். கேனன் மலையின் செங்குத்தான பாறையில், கீழே இருக்கும் புரொஃபைல் ஏரியிலிருந்து சுமார் 1,200 அடி உயரத்தில் ஐந்து கிரானைட் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் துருத்திக்கொண்டிருந்தன. ஏரிக்கரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அவை நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று சேர்ந்து ஒரு முதியவரின் பக்கவாட்டு முகமாகத் தெரியும். மோவாயிலிருந்து நெற்றி வரை 40 அடி. சில நூறு அடி தள்ளிப் போனால் முகம் கலைந்து வெறும் கல்லாகிவிடும்.

1805இல் இந்த வழியே நில அளவைக்கு வந்த குழுவினர் ஏரிக்கரையில் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தார்கள் என்பதுதான் எழுத்தில் கிடைக்கும் முதல் தகவல். நதானியல் ஹாதார்ன் 1850இல் இந்த முகத்தை வைத்து 'தி கிரேட் ஸ்டோன் ஃபேஸ்' என்று கதை எழுதினார். அதன்பின் கணவாய்க்குக் கூட்டம் வரத் தொடங்கியது, ஹோட்டல்கள் எழுந்தன. 1920களில் மரக் கம்பெனிகள் காட்டை வெட்டிவிடுமோ என்ற பயம் வந்தபோது பொதுமக்களிடம் நிதி திரட்டி, அரசுப் பணமும் சேர்த்து, 1928இல் கணவாயையே மாநிலத்தின் சொத்தாக்கினார்கள். 1945இல் கிழவர் மாநிலச் சின்னம் ஆனார். 1955இல் 3 சென்ட் தபால் தலையில் வந்தார். அந்த வருடம் ஜனாதிபதி ஐசன்ஹோவரே கணவாய்க்கு வந்து கிழவரைப் பார்த்துவிட்டுப் போனார்.

கம்பியும் சிமென்டும்

அவர் எந்த நேரமும் விழலாம் என்பது ஊருக்குத் தெரியும். கிரானைட் விரிசலில் தண்ணீர் இறங்குகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. பருத்த பனி விரிசலை நெம்புகிறது. வசந்தத்தில் உருகி இன்னும் ஆழமாக இறங்குகிறது. அடுத்த குளிரில் மறுபடியும் நெம்பல். வருடத்தில் பல முறை இப்படி நடக்கிறது. கிழவரைச் செதுக்கியதும் இந்தப் பனிதான், அவரைத் தள்ளக் காத்திருந்ததும் இதேதான்.

1916இல் எட்வர்ட் கெட்டஸ் என்ற கல்குவாரி மேற்பார்வையாளர் மேலே ஏறி, நெற்றிப் பாறை முன்னால் நழுவாதபடி இரும்புக் கம்பிகளை முறுக்கிப் பூட்டினார். 1957இல் மாநில அரசு 25,000 டாலர் ஒதுக்கியது. இன்னும் பெரிய முறுக்குக் கம்பிகள், விரிசலை மூட சிமென்ட், மழைநீரைத் திருப்பிவிட ஒரு சிறு வாய்க்கால். கூரை ஒழுகும் வீட்டைப் பராமரிப்பதுபோல மலையைப் பராமரித்தார்கள்.

1960களிலிருந்து நீல்ஸ் நீல்சன் என்ற மனிதர் ஒவ்வொரு கோடையிலும் கயிற்றில் தொங்கியபடி கிழவரின் முகத்தில் இறங்கி, விரிசல்களை அளந்து, செடி முளைத்திருந்தால் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்துவந்தார். அவருக்குப் பிறகு மகன் டேவிட் நீல்சன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். தந்தை 2001இல் இறந்தபின் அவருடைய அஸ்தியைக் கிழவரின் கண் குழியில் கொண்டுபோய் வைத்தார் மகன். அஸ்தியை நதியில் கரைக்கும் நமக்கு இந்த மனநிலையைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவையில்லை.

நூறு கோடி முகங்கள்

1999இல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு திட்டம் தொடங்கியது. கால் டாலர் காசின் ஒரு பக்கத்தில் வழக்கம்போல ஜார்ஜ் வாஷிங்டன். மறுபக்கத்தில் மாநிலத்துக்கு ஒரு சித்திரம். வருடத்துக்கு ஐந்து மாநிலம், 10 வருடத்தில் 50 மாநிலம். நியூ ஹாம்ப்ஷைரின் முறை 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்தது. கிழவரின் முகம், பக்கத்தில் 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்ற பொருள்படும் மாநில வாசகம், அரசியல் சட்டத்தை ஏற்ற 9ஆவது மாநிலம் என்பதற்காக 9 நட்சத்திரங்கள்.

புழக்கத்துக்கு அடித்தவை நூறு கோடிக்கும் மேல். அவை செம்பும் நிக்கலும் கலந்தவை. சேகரிப்பவர்களுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் 90 சதவீத வெள்ளியில் தனியாக அடித்தார்கள். கண்ணாடிபோலப் பளபளக்கும் பின்புலத்தில், பனி படர்ந்தது போன்ற மங்கலான முகம். 24.3 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் 40 அடிக் கிழவர்.

2003 மே மாதத் தொடக்கத்தில் கணவாயில் மூடுபனி. மே 3ஆம் தேதி சனிக்கிழமை காலை பூங்கா ஊழியர்கள் இருவர் தற்செயலாக மேலே பார்த்தார்கள். நெற்றி இல்லை, மூக்கு இல்லை, தாடை இல்லை. முந்தைய இரவில் எப்போதோ மொத்தமும் சரிந்து விழுந்திருந்தது. விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. அன்றும் அடுத்த நாட்களிலும் ஏரிக்கரையில் ஆட்கள் வந்து நின்றார்கள், பூ வைத்தார்கள், அழுதார்கள். இழவு வீட்டு வாசல் மாதிரிதான்.

மாநிலத்தின் சில்லறைப் பைகளில் மட்டும் கிழவர் வழக்கம்போல சிணுங்கிக்கொண்டிருந்தார்.

எது பிழை?

அன்றிலிருந்து சேகரிப்பவர்களிடம் ஒரு கேள்வி சுற்றி வருகிறது. இல்லாத மலையைக் காட்டும் காசு பிழையுள்ள காசா? பதில் சொல்வதற்கு முன்னால், பிழை என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காசு பிறப்பதில் மூன்று கட்டம். ஓவியர் வரைந்ததைச் சிற்பி புடைப்பாக வடிக்கிறார். அதிலிருந்து எஃகு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சு, வெள்ளி வில்லைமேல் பல டன் அழுத்தத்தில் இறங்குகிறது. மூன்றிலும் தப்பு நேரலாம். அடிக்கும்போது வில்லை நகர்ந்தால் கெடுவது அந்த ஒரு காசு. அச்சில் கோளாறு என்றால் அந்த அச்சு தேயும்வரை வந்த எல்லாக் காசிலும் அது இருக்கும். ஓவியரோ சிற்பியோ தப்பு செய்தால் கோடிக்கணக்கில் அடித்தாலும் அத்தனையிலும் அதே தப்பு.

சந்தை மதிப்பது முதல் இரண்டைத்தான். 2004இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த விஸ்கான்சின் கால் டாலரில், மக்காச்சோளக் கதிரின் பக்கத்தில் ஓர் இலை அதிகமாக முளைத்த காசுகள் கிடைத்தன. அச்சில் விழுந்த கீறல் அது. தற்செயலா, யாராவது வேண்டுமென்றே செய்ததா என்ற வாதம் அப்போதே கிளம்பியது. 2005இல் மினசோட்டாவின் காசு. 10,000 ஏரிகளின் நாடு என்று பெயர் வாங்கிய அந்த மாநிலம் ஏரி, படகு, கரையில் ஊசியிலை மரங்கள் என்று ஓர் அழகான காட்சியைத் தேர்ந்தெடுத்தது. அச்சில் உருவம் இரட்டித்ததால் சில காசுகளில் கரையோரம் ஒரு மரத்தின் நிழல் போல இன்னொரு மரம். சேகரிப்பவர்கள் அதற்கு 'அதிகப்படி மரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த இலைக்கும் மரத்துக்கும் கால் டாலரைவிடப் பல மடங்கு விலை கொடுத்தார்கள்.

மூன்றாம் வகைக்கு விலை கிடையாது. எல்லோரிடமும் இருப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஆனால் ஊர் சுற்றுவதில் ஆசை உள்ளவர்களுக்கு அதுதான் விருந்து. பழைய உதாரணம் 1920இல் வந்த பில்கிரிம் அரை டாலர் வெள்ளிக் காசு. மேஃப்ளவர் கப்பல் 1620இல் அமெரிக்கா வந்ததன் 300ஆம் ஆண்டு நினைவு. கப்பலின் முன்பக்கம் ஒரு முக்கோணப் பாய். அந்த வகைப் பாய் அந்தக் காலக் கப்பல்களில் இல்லை என்று கடல் வரலாறு தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பாய் காற்று வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இயற்கைக் காட்சிக் காசுகளில் சுவாரஸ்யமானது 2008இன் அரிசோனா கால் டாலர். பின்னால் கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கு. முன்னால் கை தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளி. இரண்டும் அரிசோனாவின் அடையாளங்கள். ஆனால் சகுவாரோ மாநிலத்தின் தெற்கே, வெப்பமான சொனோரா பாலைவனத்துச் செடி. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்போ சுமார் 7,000 அடி உயரத்தில், குளிர்காலத்தில் பனி கொட்டும் இடம். அங்கே போய் இந்தக் கள்ளியைத் தேடினால் கிடைக்காது. ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தில் பனைமரம் வரைகிற மாதிரி.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால் இரண்டுக்கும் நடுவில் 'கிராண்ட் கேன்யன் ஸ்டேட்' என்று எழுதிய ஒரு நாடாவை ஓடவிட்டார்கள். நாடாவுக்கு மேலே ஓர் இடம், கீழே வேறோர் இடம் என்று பொருள். கையில் எடுத்துப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் அந்த நாடாவை எல்லைக்கோடு என்று புரிந்துகொள்வார்கள்? சேகரிப்பவர்கள் இதைப் பிழை என்று ஒரு தரப்பும், சமாளிப்பு என்று இன்னொரு தரப்புமாகப் பிரிந்து பேசுகிறார்கள்.

மூன்று அங்குல மலை

2010இல் அடுத்த தொடர் வந்தது. மாநிலத்துக்கும் ஆட்சிப் பகுதிக்கும் ஒன்றாக 56 தேசியப் பூங்காக்கள், காடுகள், நினைவிடங்கள். 2021இல் முடிந்தது. இந்த முறை கால் டாலரோடு, அதே சித்திரத்தை ஐந்து அவுன்ஸ் தூய வெள்ளியிலும் அடித்தார்கள். குறுக்களவு மூன்று அங்குலம், எடை 155.5 கிராம், தூய்மை 99.9 சதவீதம். இவ்வளவு வெள்ளி உள்ள காசின் முகமதிப்பு கால் டாலர்தான். சட்டப்படி கடையில் கொடுத்து ஒரு மிட்டாய் வாங்கலாம். கொடுக்கத்தான் ஆள் கிடையாது.

முதல் வருடத்து ஐந்து வகைகளிலும் தலா 33,000தான் அடித்தார்கள். வியாபாரிகள் விலையை ஏற்றவே, 2010 டிசம்பரில் நாணயச்சாலை விற்பனையை நிறுத்தி, ஒரு வீட்டுக்கு வகைக்கு ஒன்று, லாபத்துக்கு உச்சவரம்பு என்று நிபந்தனை போட்டபின்தான் மறுபடி கொடுத்தது. ரேஷன் கடைக்குப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

பிழை பார்ப்பவர்களுக்கு இந்த வெள்ளி வட்டங்கள் பெரிய வசதி. சிறிய காசில் கண்ணுக்கு மறைவது இதில் மூன்று மடங்காகத் தெரியும். சித்திரங்களும் குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து பார்த்த காட்சிகளாகவே இருப்பதால் சரிபார்ப்பது எளிது. ஒரிகன் மாநிலத்தின் ஹுட் மலை, லாஸ்ட் லேக் ஏரிக்கரையிலிருந்து தெரிகிற மாதிரி. கிராண்ட் கேன்யனில் இந்த முறை கள்ளி இல்லை. கொலராடோ நதிக்கு மேலே நான்கோவீப் என்ற இடத்தில் பழங்குடியினர் பாறைக் குடைவில் கட்டிய தானியக் களஞ்சியங்கள். யெல்லோஸ்டோனில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று பீறிட்டு அடிக்க, முன்னால் ஒரு காட்டெருமை. இது ஓவியரின் கற்பனைதானே என்று தோன்றும். அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும், எருமைகள் ஊற்றுக்குப் பக்கத்தில் சாவகாசமாக உலாவும்.

அரசாங்கக் காசுக்கு வெளியே இன்னொரு உலகம் இருக்கிறது. தனியார் ஆலைகள் அடிக்கும் வெள்ளி வட்டங்களுக்கு 'ரவுண்ட்' என்று பெயர். பெரும்பாலும் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். அதற்கு முகமதிப்பு கிடையாது. வெள்ளியின் விலையோடு கூலி சேர்த்து விற்பார்கள். நம் லட்சுமி காசும் உண்மையில் இந்த ஜாதிதான். அரசு நாணயத்தின் சித்திரம் பல குழுக்களின் பார்வைக்குப் போய்த் திரும்புகிறது. ரவுண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பிழை தேடுகிறவர்களுக்கு அங்கே அதிக வேலை.

தேடும் முறை எளிமையானது. முதலில், எங்கிருந்து பார்த்த காட்சி என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து, படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சில் எல்லாமே தலைகீழ் இடவலமாக இருப்பதால் திரும்பிப்போக வாய்ப்பு உண்டு. மலைக் கிழவர் இதற்கு நல்ல பரீட்சை. அவர் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முகம். மறுபக்கத்திலிருந்து பார்க்க இடமும் இல்லை, முகமும் இல்லை. எதிர்த் திசை பார்க்கும் கிழவர் இருந்தால் அது அச்சுக்காரரின் கிழவர். பிறகு மரம், மிருகம், பருவம். கடைசியில் எழுத்து. ஊரின் பெயரிலேயே எழுத்துப்பிழை இருக்கலாம். எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது சுலபமாகத் தப்பிவிடும்.

நான்காவது வகை

இப்போது நியூ ஹாம்ப்ஷைருக்குத் திரும்புவோம். 2000ஆம் ஆண்டுக் காசில் ஓவியர் தப்பு செய்யவில்லை. அச்சில் கோளாறு இல்லை. அடித்ததில் நழுவல் இல்லை. காசு சரி. மாறியது மலை. மூன்று வகையிலும் சேராத நான்காவது வகை இது. பெயரிட வேண்டுமானால், காலத்தின் திருத்தம் என்று சொல்லலாம்.

கிழவர் தனியாகவும் இல்லை. 2012இன் ஹவாய் வெள்ளியில் கிலாவேயா எரிமலையின் கிழக்குப் பக்கம் குழம்பு பீறிடுகிறது. 1983இல் தொடங்கிய அந்த வெடிப்பு 2018இல் முடிந்தது. அதே வருடம் மலையின் உச்சிப் பள்ளமும் உள்வாங்கி முன்பைவிடப் பல மடங்கு பெரிதாயிற்று. 2014இன் யூட்டா காசில் டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவு. அந்த வளைவு நிற்கிறது. ஆனால் அதே பூங்காவில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் விழுந்துவிட்டது. கல் என்றால் நிலையானது என்று நாம் நினைப்பது நம் ஆயுசு குறைவு என்பதால்.

முகம் போனபின் நியூ ஹாம்ப்ஷைரில் பெரிய விவாதம் நடந்தது. கான்கிரீட்டிலோ செயற்கைக் கல்லிலோ மறுபடியும் செய்து மாட்டிவிடலாம் என்றார்கள் சிலர். கம்பியும் சிமென்டுமாக இத்தனை காலம் பிடித்து வைத்திருந்த ஊருக்கு அது பெரிய தாண்டல் இல்லை. கவர்னர் அமைத்த குழு யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. இயற்கை செய்ததை இயற்கை எடுத்துக்கொண்டது, பொம்மை வைப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம் மேலோங்கியது.

அதற்குப் பதிலாகச் செய்ததுதான் இந்தக் கணவாயில் இன்று பார்க்க வேண்டிய அதிசயம். 2011இல் ஏரிக்கரையில் ஒரு சிறிய முற்றம் அமைத்தார்கள். அங்கே சாய்வாக நிற்கும் எஃகுக் கம்பங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அவற்றின் மேல்பகுதியில் ஒழுங்கில்லாத மேடு பள்ளம்தான் தெரியும். தரையில் உயரம் குறித்த இடங்கள் இருக்கின்றன. உங்கள் உயரத்துக்கு உரிய இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, கம்பத்தின் ஓரமாக மலையைப் பார்க்க வேண்டும். மேடுபள்ளம் தூரத்து மலை விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். நெற்றி, மூக்கு, தாடை. அதே பழைய இடத்தில் கிழவர். அரை அடி நகர்ந்தால் மறைந்துவிடுவார்.

1805இல் நில அளவைக்காரர்களுக்கு நேர்ந்ததும் இதேதான். முகம் எப்போதும் மலையில் மட்டும் இருந்ததில்லை, பார்க்கிறவர் நின்ற இடத்திலும் பாதி இருந்தது. காசின் சித்திரமும் அப்படித்தான். ஓவியர் எங்கே நின்றார் என்பதைக் கண்டுபிடித்து அங்கே நாமும் போய் நிற்பதுதான் இந்தச் சேகரிப்பின் உண்மையான இன்பம். பிழை பார்ப்பது அதற்கு ஒரு சாக்கு.

2013இல் பூங்காத் தொடரில் மாநிலத்தின் முறை மறுபடி வந்தது. வெள்ளை மலைக் காட்டின் சார்பாகத் தேர்வானது ஷக்கோருவா மலை. பிர்ச் மரங்கள் சட்டம்போல நிற்க, நடுவில் கூரிய சிகரம். கணவாயிலிருந்து கிழக்கே, காட்டின் தென்கோடியில் இருக்கிறது. உயரம் 3,500 அடிக்குச் சற்றுக் குறைவு. அடிவாரத்து ஏரிக்கரையில் நின்றால் சிகரம் முழுசாகத் தெரியும். ஐந்து அவுன்ஸ் வெள்ளியில் அந்த மரப்பட்டையின் கோடுகள்கூட விரலுக்குத் தட்டுப்படும். 2000ஆம் ஆண்டுச் சிறிய வெள்ளிக் காசையும் 2013இன் பெரிய வெள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர்கள், ஒரே மாநிலத்தின் இல்லாத மலையையும் இருக்கும் மலையையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள்.

நம் சட்டைப்பையில்

இந்த விளையாட்டுக்கு அமெரிக்கா போக வேண்டும் என்பதில்லை. 1996இல் வந்த மகாத்மா காந்தி வரிசை நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் கஞ்சன்ஜங்கா இருக்கிறது. 8,586 மீட்டர், உலகின் மூன்றாவது உயரமான சிகரம். 2018இல் ஊதா நிற நோட்டில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு வந்துவிட்டாலும் பழைய நோட்டும் செல்லும். சிக்கிமுக்குப் போகிறவர்கள் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த ஊரிலிருந்து பார்த்தால் இந்த வரிசை இப்படியே தெரிகிறது என்று தேடலாம். மேகம் விலகுவது அதிர்ஷ்டம்.

பழைய இருபது ரூபாய் நோட்டில் அந்தமான். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம். மவுன்ட் ஹேரியட் பக்கத்துக் காட்சி. அந்த மலையின் பெயர் 2021இல் மவுன்ட் மணிப்பூர் என்று மாறியது. எதிரே இருக்கும் போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. கிழவரின் கதையில் பெயர் நின்று மலை போனது. இங்கே மலை நின்று பெயர் போனது. நோட்டில் இருக்கும் தென்னைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளியே வேண்டும் என்கிறவர்களுக்குச் சில யோசனைகள். தராசும் காந்தமும் இல்லாமல் வாங்க வேண்டாம். தூய வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளியும் ஆகாது, ஆகவே எடையையும் விட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும். கறுத்துவிட்டது என்று பல்பொடி போட்டுத் தேய்த்தால் சித்திரத்தின் நுணுக்கம்தான் போகும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் சுங்க விதியை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உறையின்மேல் வருடத்தோடு, ஓவியர் நின்ற இடம் இன்னதென்று தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கும்போது மலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல அதுதான் சாட்சி.

ஃபிரான்கோனியா கணவாயில் சாலை இன்னும் ஒடுக்கமாகத்தான் இருக்கிறது. காப்பாற்ற வேண்டிய முகம் போனபின்னும் அதை யாரும் அகலமாக்கவில்லை. மாநிலச் சாலைகளின் எண் பலகைகளில் கிழவரின் முகத்தை இன்றும் வரைகிறார்கள். ஏரிக்கரை முற்றத்தில் உயரம் குறைந்த கோடுகளில் குழந்தைகள் ஏறி நின்று ஒரு கண்ணை மூடுகிறார்கள். 2003க்குப் பிறகு பிறந்த அவர்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. தெரிகிறதா என்று அப்பா அம்மா கேட்க, தெரிகிறது என்கிறார்கள்.